பாலைவனப் பயணத்துக்கு முன்னால் சைக்கிள் டயரை ட்யூப்லெஸ் ஆக்கும் முறை

போன அக்டோபரில் நண்பர்கள் நாலு பேராக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மோவாப் பக்கம் மவுன்டன் பைக் ஓட்டப் போனோம். முதல் நாள் காலை, சிவப்புப் பாறையைத் தொடுவதற்கு முன்பே மூன்று சைக்கிள் பஞ்சர். கார் நிறுத்திய மண் ஓரத்தில் இறக்கி வைத்துப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. டயரிலிருந்து பிடுங்கிய முள்ளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: நெருஞ்சி. சின்ன வயதில் செருப்பில்லாமல் ஓடியவர்கள் எல்லாருக்கும் பழக்கமான அதே நெருஞ்சி. காய் உடைந்தால் இரண்டு கொம்போடு உதிர்வதால் அங்கே அதை ஆட்டுத்தலை என்கிறார்கள்.

நாலாவது சைக்கிள் டயரிலும் நாலு முள் இருந்தது, ஆனால் காற்று இறங்கவில்லை. அது ட்யூப்லெஸ்: உள்ளே ட்யூப் கிடையாது, டயருக்குள் ஊற்றிய சீலன்ட் என்ற திரவம் முள் துளையை அடைத்துவிடும். திரும்பி வந்ததும் என் சக்கரங்களை நானே மாற்றினேன். உங்கள் ரிம், டயர் இரண்டிலும் ட்யூப்லெஸ் போடலாம் என்று குறிப்பு இருந்தால்தான் இது சரிவரும்.

1. டயரையும் ட்யூபையும் கழற்றி, ரிம்மின் உட்பக்கத்தை ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் டேப் ஒட்டாது.

2. ரிம் டேப், அதாவது ரிம்மின் உட்பக்கத்து ஸ்போக் துளைகளைக் காற்றுப் போகாமல் மூடும் டேப். ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக வாங்குங்கள். நன்றாக இழுத்துப் பிடித்துக்கொண்டே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்திக் காற்றுக் குமிழ்களை ஓரத்துக்குத் தள்ளுங்கள். தொடங்கிய இடத்தைத் தாண்டி ஒரு சாண் நீளம் மேலே ஏற வேண்டும்.

3. வால்வுத் துளை. எனக்கு இரண்டு நாள் போனது இங்கேதான். டேப்பில் கத்தியால் பெருக்கல் குறி போலக் கீறி வால்வைச் செருகினேன். நட்டை முறுக்கியதும் கீறல் இரண்டு பக்கமும் ஓடிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காற்று டேப்புக்கு அடியில் புகுந்து ஸ்போக் துளைகள் வழியாகப் போய்க்கொண்டே இருந்தது. மறுநாள் காலை ஸ்போக் அடியில் வெள்ளை வெள்ளையாக சீலன்ட் துளிகள் நின்றதைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. டேப் முழுவதையும் உரித்து மறுபடி ஒட்டினேன்.

இரண்டாம் முறை, மெல்லிய ஆணியைச் சூடாக்கிக் குத்தினேன். வட்டமாக உருகித் துளை விழுந்தது, ஓரமும் கிழியவில்லை. நட்டைக் கையால் மட்டும் முறுக்குங்கள், குறடு வேண்டாம்.

4. டயரை மாட்டி, விளிம்பில் சோப்பு நீர் தடவி, வால்வின் உள்பகுதியைக் கழற்றிவிட்டு வேகமாகக் காற்றடியுங்கள். டப் டப்பென்று சத்தம் கேட்டு விளிம்பு உட்காரும். ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே சீராகத் தெரிய வேண்டும். டயரில் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தைத் தாண்டாதீர்கள்.

5. சீலன்ட். காற்றை இறக்கிவிட்டு, என் 29 அங்குல டயருக்கு வால்வு வழியே 100 மி.லி. ஊற்றினேன். பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள், முள் துளையை அடைக்கும் துகள்கள் அடியில் தங்கிவிடும். வால்வின் உள்பகுதியைத் திரும்ப மாட்டி, காற்றடித்துச் சக்கரத்தைச் சுழற்றி, இரண்டு பக்கமும் சிறிது நேரம் படுக்கப் போடுங்கள்.

இதையெல்லாம் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே முடித்து, தினமும் கொஞ்சம் ஓட்டிப் பாருங்கள். போன பருவத்தில் ஊற்றிய சீலன்டை நம்ப வேண்டாம், வறண்ட காற்றில் சீக்கிரம் காய்ந்துவிடும். வால்வு வழியே ஒரு மெல்லிய குச்சியை விட்டு எடுத்தால் ஈரம் இருக்கிறதா என்று தெரியும்.

கையோடு பிளக் செட் (பெரிய துளையில் செருகி அடைப்பது), கைப் பம்ப், ஒரு ட்யூப் போதும். காற்றடிக்கும் கார்பன் டை ஆக்சைடு வாயுக் குப்பியை நான் எடுப்பதில்லை. தீர்ந்தால் தீர்ந்ததுதான், சில லேடெக்ஸ் சீலன்ட்களைக் கட்டிதட்டவும் வைத்துவிடும்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன ஒருவருக்குப் பக்கவாட்டில் டயர் கிழிந்திருக்கிறது. ட்யூபைப் போட்டார், உடனே பஞ்சர். சீலன்ட் அடைத்து வைத்திருந்த முட்கள் எல்லாம் டயருக்குள் நீட்டிக்கொண்டுதான் இருக்கும். ட்யூப் போடுவதற்கு முன் உட்பக்கம் முழுவதும் ஒரு துணியை ஓட்டிப் பாருங்கள், முள் இருந்தால் மாட்டும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிய பிறகே ட்யூப்.

இன்னொருவரின் டயர் காரின் பின் தாங்கியில் புகைக்குழாய்க்கு நேராக இருந்து, வழியிலேயே உருகிவிட்டது. குழாய்ப் பக்கம் சக்கரம் வராதபடி மாட்டுங்கள்.

தண்ணீர் பற்றியும் கேட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு நாலு லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். மோவாப் அருகே கேன்யன்லேண்ட்ஸ் தேசியப் பூங்காவின் வொயிட் ரிம் சாலை சுமார் 160 கி.மீ. சுற்று. வழியில் எங்கும் குடிநீர் கிடையாது, முன்கூட்டியே அனுமதிச் சீட்டும் எடுக்க வேண்டும். பாதையோரம் கறுப்பாக, முண்டும் முடிச்சுமாக இருக்கும் மண்ணில் சக்கரத்தையோ காலையோ வைக்காதீர்கள். உயிருள்ள மண் அது, மிதிபட்டால் தேறப் பல ஆண்டுகள் ஆகும்.

அப்புறம், கிளறிப்போட்ட மண்ணில்தான் நெருஞ்சி அதிகம்: சாலையோரம், கார் நிறுத்துமிடம், கூடாரம் போடும் இடம். அங்கெல்லாம் சைக்கிளை உருட்டாமல் தூக்கிக்கொண்டு போங்கள். திரும்பும்போது டயரிலும் செருப்படியிலும் ஒட்டியிருக்கும் காய்களைப் பிடுங்கிக் குப்பைப் பையில் போட்டுவிட்டுக் காரில் ஏறுங்கள்.