இணையப் பாதுகாப்பு வகுப்பில் நாம் செய்யும் தவறுகள்

வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பு சொல்லித் தரப் போகிறவர்கள் பெரும்பாலும் செட்டிங்ஸில்தான் தொடங்குகிறார்கள். கணக்குக்குப் பூட்டு போடு, பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதே என்பார்கள். எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குச் சொந்த போனே இருக்காது. அண்ணன் போனில் அரை மணி நேரம், தெரிந்தவர் போனில் கொஞ்ச நேரம், அதுவும் வேறு யாரோ திறந்த கணக்கில். அதனால் முதலில் கேட்க வேண்டியது, "நீ யார் போனில், எப்போது பார்ப்பாய்?" என்பதுதான். அப்புறம் லாக் அவுட் செய்யக் காட்டிக் கொடுங்கள். போன் கொடுத்தவரே பதிலுக்கு ஒரு அந்தரங்கப் படம் கேட்டால் என்ன செய்வது என்பதையும் பேசுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு பயமுறுத்துவது. "ஏதாவது தப்பு நடந்தது தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவேன்" என்று நாம் சொல்கிறோம். "வீட்டில் சொன்னால் உன்னைத்தான் அடிப்பார்கள்" என்று இணையத்தில் படத்தை வாங்கிக்கொண்டு மிரட்டுகிறவனும் சொல்கிறான். இரண்டும் சேர்ந்து பிள்ளையின் வாயை அடைத்துவிடும். வீட்டுக்கே ஒரு போன்தான், அப்பாவுக்கு வேலைக்கான அழைப்பு வருவதும் அதில்தான் என்றால், அது போய்விடுமே என்ற பயத்தில் பிள்ளை எதையும் தாங்கிக்கொள்ளும். "எது நடந்திருந்தாலும் என்னிடம் சொல், திட்ட மாட்டேன், போனையும் பிடுங்க மாட்டேன்" என்று பெற்றோர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு தடவை சொன்னால் போதாது.

"முன்பின் தெரியாதவரிடம் பேசாதே" என்பதோடு முடித்துக்கொள்வதும் உதவாது. பேச்சு எப்படி நகரும் என்று காட்டுங்கள் (டைமண்ட் என்பது போன் விளையாட்டில் காசு போலச் செலவழிப்பது): "சூப்பரா விளையாடுற, டைமண்ட் வேணுமா?" "டேட்டா தீர்ந்துடுச்சா, நான் ரீசார்ஜ் பண்றேன்." "வேற ஆப்புக்கு வா." "இது நமக்குள்ள இருக்கட்டும்." நான்காவது வரி வரும்போது பிள்ளைக்கு மணி அடிக்க வேண்டும். கையில் காசில்லாத பிள்ளைக்கு ரீசார்ஜ் சின்ன விஷயம் இல்லை. அதற்கு ஆசைப்பட்டதைக் குற்றமாகப் பேசாதீர்கள்.

ஆபத்து வீட்டுக்குள்ளிருந்தும் வரும். பிலிப்பைன்ஸில் நேரலை வழியே நடந்த பாலியல் சுரண்டல் வழக்குகளில், பணத்துக்காகப் பிள்ளையைக் கேமரா முன் நிறுத்தியவர்கள் பெற்றோரும் உறவினருமாகவே பல முறை இருந்திருக்கிறார்கள். "யாரும் தொடவில்லையே, படம்தானே" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்லிக்கொள்வார்கள். தொடாவிட்டாலும் அது வன்கொடுமைதான் என்று பெரியவர்களுக்கான கூட்டத்தில் நேராகச் சொல்லுங்கள். பிள்ளைக்கு நம்பிக்கையான ஆளாக வீட்டுக்கு வெளியேயும் ஒருவர் இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளை மட்டும் உட்கார வைத்துப் பேசுவதும் தவறு. படத்தை வைத்து மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களிடம் பெரும்பாலும் சிக்குவது 14 முதல் 17 வயது வரையிலான ஆண் பிள்ளைகள் என்று அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ எச்சரித்திருக்கிறது.

சரி, நடந்துவிட்டது, பிள்ளை வந்து சொல்லிவிட்டது. அப்போது பதறிப்போய் உரையாடலை அழிப்பது, கேட்ட பணத்தைக் கொடுப்பது, "எல்லோரும் ஜாக்கிரதை" என்று படத்தையே குரூப்பில் போடுவது, மூன்றும் கூடாது. பணம் கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். படத்தைப் பகிர்வது பல நாடுகளில் குற்றம். எதிராளியின் கணக்குப் பெயரையும் உரையாடலையும் பத்திரப்படுத்தி, புகார் கொடுத்து, பிறகு பிளாக் செய்யுங்கள். 18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படமென்றால் 2023இல் தொடங்கிய 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை உண்டு. படம் போனை விட்டு வெளியே போகாது. அந்தப் படத்திலிருந்து உருவாகும், கைரேகை போன்ற ஒரு டிஜிட்டல் அடையாளம் மட்டும் போகும். இந்தச் சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் அந்த அடையாளத்தை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும். பெயர் கொடுக்க வேண்டாம்.

வகுப்பு எடுப்பவர்களுக்கும் ஒன்று. முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திப் படமெடுத்து, ஊர், பள்ளிப் பெயரோடு பதிவு போடுகிறோம். எங்கே, எந்தப் பிள்ளைகள் என்று தேடி அலைகிறவனுக்கு நாமே வழி காட்டியதாகிவிடுகிறது. அறிக்கைக்குப் படம் வேண்டுமென்றால் எழுதிய கரும்பலகையைப் படமெடுங்கள்.