ஆட்டிசத்தோடு ஏடிஹெச்டியும் உள்ள குழந்தைக்கு மருந்து: எங்கே தவறுகிறோம்?

ஏடிஹெச்டிக்கு (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த குறைபாடு) மாத்திரை வாங்கி வந்த மறுநாள் காலையே கொடுக்கத் தொடங்கிவிடுவதுதான் முதல் தவறு. அதற்கு முந்தைய ஒரு வாரம் குழந்தை எப்படி இருந்தது என்று எழுதி வைக்காவிட்டால், மருந்து வேலை செய்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது. "கொஞ்சம் பரவாயில்லை டாக்டர்" என்ற ஒரு வரியை நம்பி டோஸ் ஏறும், இறங்கும். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். தூங்கிய நேரம், எழுந்த நேரம், மூன்று வேளையும் சாப்பிட்டது, மலம் போனதா, ஒரே இடத்தில் எத்தனை நிமிடம் உட்கார்ந்தது, எத்தனை முறை கத்தி அழுதது, எத்தனை மணிக்கு. கூடவே எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம்.

அந்த ஒரு வாரத்திலேயே சில குழந்தைகளுக்கு வேறு காரணம் தெரிந்துவிடும். நான்கு நாள் மலச்சிக்கல், சொத்தைப் பல், காது வலி. வாய்விட்டுச் சொல்லத் தெரியாத குழந்தை வலியைத் தாங்க முடியாமல்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு வேண்டியது வேறு வைத்தியம். குடும்பத்தில் 40 வயதுக்குள் யாராவது திடீரென இறந்திருந்தாலோ, குழந்தை ஓடும்போது மயங்கி விழுந்திருந்தாலோ, வலிப்பு வந்திருந்தாலோ, டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது, பக்கத்து வீட்டுக் குழந்தையின் டோஸோடு ஒப்பிடுவது. 2005இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. ஆட்டிசமும் மிகைத்துடிப்பும் உள்ள 72 குழந்தைகளுக்கு ஏடிஹெச்டி மருந்தான மீதைல்ஃபெனிடேட் கொடுத்ததில் பலன் கண்டவர்கள் 49 சதவீதம். பக்கவிளைவால் நிறுத்த வேண்டி வந்தவர்கள் 18 சதவீதம். ஏடிஹெச்டி மட்டும் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய 70 சதவீதம் பேருக்குப் பலன் கிடைக்கிறது. அதனால்தான் ஆட்டிசமும் உள்ள குழந்தைகளுக்குப் பல டாக்டர்கள் 2.5 அல்லது 5 மில்லிகிராமில் தொடங்கி மெதுவாக ஏற்றுகிறார்கள். அந்த வாரங்களில் புதுத் தெரபி, புது டயட், நாட்டு மருந்துப் பொடி என்று எதையும் சேர்த்துத் தொடங்காதீர்கள். மாற்றம் தெரிந்தால் எது காரணம் என்று பிரிக்க முடியாது.

பக்கவிளைவைக் குழந்தை சொல்லும் என்று காத்திருக்கக் கூடாது. உடம்பு காட்டிக்கொடுக்கும். தலையை அழுத்திக்கொள்வது, குப்புறப் படுத்து வயிற்றைத் தரையில் அமுக்குவது, உதட்டை நக்கி நக்கிப் புண்ணாக்குவது, விரல் தோலைப் பிய்ப்பது. இன்னொன்றும் உண்டு: குழந்தை அசையாமல், சிரிக்காமல், பிடித்த பொம்மையைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருக்கும். வீட்டில் "இப்போதான் அடங்கியிருக்கான்" என்று சந்தோஷப்படுவார்கள். அது பலன் அல்ல, டோஸ் அதிகமாகியிருக்கலாம் என்பதன் அறிகுறி. உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டியது இதைத்தான்.

நோட்டில் நேரம் எழுதச் சொன்னது இதற்காகவும்தான். குறுகிய நேர மீதைல்ஃபெனிடேட் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பிடிக்கும், சுமார் 4 மணி நேரம் நிற்கும். மாத்திரை கொடுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் எரிச்சல், அழுகை என்றால் டோஸைச் சந்தேகிக்கலாம். மருந்தின் வேகம் குறையும் வேளையில்தான் தினமும் அதே ஆர்ப்பாட்டம் என்றால், தீர்ந்துபோவதுதான் காரணமாக இருக்கும். முன்னதற்குக் குறைக்க வேண்டியிருக்கும், பின்னதற்கு நேரத்தையோ வகையையோ மாற்ற வேண்டியிருக்கும். நேரம் தெரியாமல் "சாயங்காலம் ரொம்பப் படுத்துறான்" என்று மட்டும் சொன்னால் டோஸ் ஏறிவிடும்.

தயிர்சாதத்துக்குள் மாத்திரையை ஒளித்து ஊட்டுவது வீட்டுக்கு வீடு நடக்கிறது. மொத்தமே ஐந்தாறு பண்டங்கள்தான் சாப்பிடும் குழந்தைக்கு இது பெரிய ஆபத்து. ஒரு தடவை கசப்பு நாக்கில் பட்டால் மருந்து மட்டும் போகாது, தயிர்சாதமும் போய்விடும், பல மாதத்துக்கு. நீண்ட நேர மாத்திரையைப் பொடித்தாலோ கடித்தாலோ நாள் முழுக்க வெளிவர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். ஏடிஹெச்டிக்கான இன்னொரு மருந்தான அட்டாமாக்செட்டின் கேப்சூலைப் பிரிக்கவே கூடாது, தூள் கண்ணில் பட்டால் எரியும். விழுங்கப் பழக்க சீரக மிட்டாய் நல்லது: நிமிர்ந்து உட்கார வைத்து, நாக்கின் மேல் ஒன்று, ஒரு வாய் தண்ணீர், நீங்கள் பக்கத்திலேயே. பழகிய பிறகு சற்றுப் பெரியது. மாத்திரையின் நிறமோ கம்பெனியோ மாறினால் முதல் நாளே காட்டிவிடுங்கள்.

வெறும் வயிற்றில் மாத்திரை கொடுத்துவிட்டு இட்லியை நீட்டினால் வாய் திறக்காது. முதலில் வயிறார டிபன், பிறகு மாத்திரை. மதியம் டப்பா அப்படியே திரும்பி வரும், அதற்காகத் திட்டாதீர்கள். இரவில் பசி வரும்போது நன்றாகக் கொடுங்கள். எடையை 3 மாதத்துக்கு ஒருமுறை, உயரத்தை 6 மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள்.

அவசரப்பட்டு நிறுத்துவதும் தவறு. அட்டாமாக்செட்டின் முழுப் பலன் தர 4 முதல் 6 வாரம் ஆகும். இதற்கே கொடுக்கும் வேறொரு மருந்தான குளோனிடினைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுக்கக் கூடாது. சளி மருந்து வாங்கும்போது எந்த மாத்திரை ஓடுகிறது என்று சொல்லுங்கள். மூக்கடைப்புக்கான சில மருந்துகளும் இதயத்துடிப்பைக் கூட்டும்.

இந்தியாவில் மீதைல்ஃபெனிடேட் 'எக்ஸ்' அட்டவணை மருந்து, அதாவது கடுமையான கட்டுப்பாட்டோடு விற்கப்படுவது. டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் வைத்துக்கொள்வார். எல்லாக் கடையிலும் கிடைக்காது. அட்டையில் ஏழு மாத்திரை மீதி இருக்கும்போதே கடைக்குப் போன் செய்துவிடுங்கள்.