மனதில் நியமித்தபடி: வீட்டிலேயே காணிக்கை எடுத்துவைப்பது எப்படி

என் தங்கை மகளுக்குக் கல்யாணமாகி ஆறு மாதம் ஆகிறது. அவளும் மாப்பிள்ளையும் திருப்பூரில் இருக்கிறார்கள், இருவருக்கும் மாதச் சம்பளம். போன வாரம் போனில் கேட்டாள்: "பெரியம்மா, காணிக்கை எவ்வளவு கொடுக்கணும்? பத்தில் ஒன்று என்றால் பிஎஃப் பிடிப்பதற்கு முன்னாடியா, பின்னாடியா?"

நான் நாசரேத் பக்கத்தில் ஒரு ஊரில் தையல் தைக்கிறேன். எனக்கு ஒன்றாம் தேதிச் சம்பளம் என்று எதுவும் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கும்போது யூனிஃபார்ம் குவியும், கிறிஸ்துமஸுக்கு முன்னால் தூங்க நேரமிருக்காது, ஆடியில் மிஷின் சும்மா கிடக்கும். இப்படிப்பட்ட வரவிலும் 22 வருஷமாக எடுத்துவைத்துக் கொடுத்துவருகிறேன். போனில் அவளுக்குப் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவளைப் போல் புதிதாகக் குடும்பம் தொடங்கியவர்களுக்கும் உதவும்.

முதலில் வசனத்தைப் பார்த்துவிடுவோம். 2 கொரிந்தியர் 9:7: "அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன், உற்சாகமாய்க் கொடுக்கிறவனிடத்தில் தேவன் பிரியமாயிருக்கிறார்." எல்லாரும் இதில் 'உற்சாகமாய்' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்வார்கள். எனக்கு 'நியமித்தபடியே' என்பதுதான் பெரிதாகப் படுகிறது. நியமிப்பது வீட்டில் உட்கார்ந்து செய்கிற வேலை. காணிக்கைப் பை அடுத்த வரிசைக்கு வந்துவிட்ட பிறகு பர்ஸுக்குள் பத்து ரூபாயைத் துழாவினால் அது நியமித்தது ஆகாது. நியமித்து வைத்தவளுக்கு உற்சாகம் தானாக வரும். நியமிக்காதவளுக்கு அந்த நேரத்தில் வெட்கம்தான் வரும்.

பவுல் இதை எழுதியது எருசலேமில் வறுமையில் இருந்த விசுவாசிகளுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தபோது. கொரிந்து சபையார் ஒரு வருஷத்துக்கு முன்பே தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள், முடிக்கவில்லை. அப்போதும் அவர் அதட்டவில்லை. "இதை நான் கட்டளையாகச் சொல்லாமல்" என்றுதான் 8ஆம் அதிகாரத்தில் எழுதுகிறார். அப்போஸ்தலனே கட்டளையிடாத விஷயத்தில் நமக்கு யார் கட்டளையிட முடியும்?

எப்படிச் செய்வது என்பதற்கு அதே சபைக்கு எழுதிய முதல் நிருபத்தில் ஒரே வசனம் போதும், 16:2. வாரத்தின் முதல் நாள்தோறும், அவனவன், தன் வரவுக்குத் தக்கதாக, தன்னிடத்திலே சேர்த்துவைக்க வேண்டும். நான் வந்த பிறகு பணம் சேர்க்கிற வேலை இருக்கக் கூடாது என்கிறார். 'வரவுக்குத் தக்கதாக' என்ற சொல்லைப் படித்த அன்றுதான் என் மாதிரி ஆளுக்கும் இதில் இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் மாதம் 200 என்று ஒரு தொகையை வைத்துக்கொண்டு, ஆடியில் கொடுக்க முடியாமல் கோயிலுக்குப் போகவே தயங்கியிருக்கிறேன்.

இப்போது நான் செய்வது இதுதான். தையல் மிஷினுக்கு மேல் அலமாரியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. லைனிங் ஜாக்கெட் தைத்து 200 ரூபாய் கூலி வாங்கினால், நூல், துணி, ஹூக் செலவு போக நிற்பதை நோட்டில் எழுதுவேன். சனிக்கிழமை ராத்திரி வீட்டுக்காரரும் நானும் உட்கார்ந்து அந்த வாரத்தைக் கூட்டுவோம். பத்துக்கு ஒன்று என்று எடுத்து, நோட்டை நாலாக மடித்து பாட்டிலில் போட்டுவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை மளிகைக்குப் பணம் குறைகிறதே என்று அதில் கைவைப்பதில்லை. போன ஜூனில் ஒரு வாரம் 430 போட்டோம். ஆடியில் ஒரு வாரம் 35. இரண்டையும் ஒரே மாதிரி ஜெபம்பண்ணித்தான் போட்டோம். "ஒருவனுக்கு மனவிருப்பமிருந்தால், அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" என்று இருக்கிறதே.

கணவன் மனைவி இருவரும் உட்காருவது முக்கியம். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் கொடுத்தால் சீக்கிரமே வீட்டில் சண்டைதான். இடது கை அறியக் கூடாது என்று இயேசு சொன்னது ஊர் மெச்சக் கொடுப்பதைப் பற்றி. ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களுக்கு மறைக்கச் சொல்லவில்லை.

இந்தப் பழக்கம் எனக்கு அம்மாவிடமிருந்து வந்தது. அம்மாவிடம் பாட்டில் இல்லை, பிடி அரிசிப் பானைதான். உலையில் அரிசி போடுமுன் களைந்து வைத்ததில் கைவைக்க மாட்டாள். அளந்த அரிசியிலிருந்து களைவதற்கு முன்பே ஒரு பிடி எடுத்துப் பானையில் போட்டுவிடுவாள். ஒருநாள் வீட்டில் அரிசி குறைவாக இருந்தது, விருந்தாளியும் வந்துவிட்டார்கள். "இன்னைக்கு மட்டும் அதிலிருந்து எடும்மா" என்றேன். "ஏட்டி, எடுத்து வச்சது நம்மளுது இல்ல" என்று சொல்லி, கஞ்சியில் தண்ணீரைக் கூட்டிவிட்டாள். அவள் உள்ளங்கையை ஒட்டிய நாலு அரிசியைக்கூடப் பானைக்குள்தான் தட்டுவாள்.

எங்கள் பக்கத்துச் சரித்திரத்திலும் இந்தப் பிடி அரிசிக்கு ஒரு இடம் உண்டு. வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியபோது அதன் முதல் செயலாளர். வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் நம் ஜனங்களின் காணிக்கையிலேயே ஊழியம் நடக்க வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். 1912இல் அவர் தோர்ணக்கல் பேராயரான பிறகு, அங்கே பரம ஏழைகளான தெலுங்குக் கிராமத்துப் பெண்கள் சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துக் கோயிலுக்குக் கொண்டுவந்தார்கள். ஏழையிடம் வாங்கலாமா என்று யோசிக்கத் தோன்றும். கொடுக்கவும் தகுதி உண்டு என்று ஏழையை மதிப்பதுதான் அதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, பிஎஃப் கேள்விக்கு வருகிறேன். கையில் வருவதில் எடு, பிஎஃப் பணம் என்றைக்குக் கைக்கு வருகிறதோ அன்றைக்கு அதிலும் எடு என்று அவளிடம் சொன்னேன். இது என் யோசனை, வேதக் கட்டளை இல்லை. பத்தில் ஒன்று என்கிற தசமபாகம், மோசேயின் நியாயப்பிரமாணத்தில் இருக்கிறது. ஆனால் உபாகமம் 14ஐ முழுதாக வாசித்துப் பாருங்கள். வருஷந்தோறும் அந்தப் பத்தில் ஒன்றைக் கர்த்தருடைய சந்நிதியில் குடும்பத்தோடு சாப்பிட்டுச் சந்தோஷப்படச் சொல்கிறது. மூன்றாம் வருஷத்தில் லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியாக வேண்டும் என்று ஊரிலேயே வைக்கச் சொல்கிறது. மல்கியா 3:10ஐ மட்டும் பிரசங்கத்தில் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்கும். அங்கேயும் தசமபாகத்தைப் பண்டசாலைக்குக் கொண்டுவரச் சொன்னது "என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி" என்றுதான். ஒற்தலாம் என்கிற புதினாவிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் கணக்குப் பார்த்துத் தசமபாகம் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களை இயேசு எப்படிக் கடிந்துகொண்டார் என்பது மத்தேயு 23இல் இருக்கிறது. சபைகளுக்கு எழுதிய நிருபங்களில் இவ்வளவு சதவீதம் என்று எங்கும் இல்லை. சகேயு தன் ஆஸ்தியில் பாதி கொடுத்தான், மக்கெதோனியர் திராணிக்கு மிஞ்சிக் கொடுத்தார்கள். எங்களுக்குப் பத்தில் ஒன்று ஒரு அளவுகோல், அவ்வளவுதான். கடன் நெருக்கும் வீட்டில் இருபதில் ஒன்றில் தொடங்கினாலும் தொடங்கியதுதான்.

கடன் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2011இல் ஒரு கன்வென்ஷன் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கடைசியில் வாத்தியங்கள் மெதுவாக வாசிக்க, "கடன் இருக்கிறவர்கள் இன்றைக்கு விதையுங்கள், ஒரு மாதத்தில் கடன் தீரும், கையை உயர்த்துங்கள்" என்று மேடையிலிருந்து திரும்பத் திரும்பச் சொன்னார்கள். என் பையில் மகளிர் குழுத் தவணைக்கு வைத்திருந்த 3,000 ரூபாய் இருந்தது. அதைப் போட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமை தவணை நாள். வீட்டுக்காரர் அவர் அண்ணனிடம் கைமாற்று வாங்கிக் கட்டினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால்தான் அன்று ராத்திரி அழுதேன். அந்த 3,000 என்னுடையதே இல்லை, குழுவில் இருக்கும் மற்றப் பெண்களுக்குச் சேர வேண்டியது. தாவீது ராஜா பலி செலுத்துவதற்கு அர்வனா என்பவனின் களத்தைச் சும்மா வாங்கிக்கொள்ளாமல் 50 சேக்கல் வெள்ளி கொடுத்து வாங்கினார். அடுத்தவர் பொருளில் பலி செலுத்த மாட்டேன் என்பது அதில் இருக்கிறது. நானோ அடுத்தவர் பொருளில்தான் காணிக்கை போட்டிருந்தேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு முறை. பாட்டிலில் இருப்பதற்கு மேல் எந்தக் கூட்டத்திலும் அந்த நிமிஷத்தில் கொடுப்பதில்லை. மனது ஏவப்பட்டால் வீட்டுக்கு வந்து, ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, இருவரும் பேசி, மறுநாள் அனுப்புவோம். ஆண்டவர் ஏவியிருந்தால் காலையிலும் அந்த ஏவுதல் இருக்கும். "கொடுக்காவிட்டால் அனனியா கதிதான்" என்று யாராவது பயமுறுத்தினால் அப்போஸ்தலர் 5:4ஐ எடுத்துக் காட்டுங்கள். விற்குமுன் நிலம் உன்னுடையதுதானே, விற்ற பணமும் உன் வசத்தில்தானே இருந்தது என்று பேதுருவே கேட்கிறார். அனனியா அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஒளித்துவைத்துப் பொய் சொன்னதற்காகத்தான் செத்து விழுந்தான்.

கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை இன்னும் இரண்டு உண்டு. அப்பா அம்மா மருந்துச் செலவு நிற்கிறதா என்று பாருங்கள். கொர்பான், அதாவது இது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிப் பெற்றோரைக் கைவிட்டவர்களை மாற்கு 7இல் ஆண்டவர் கண்டித்திருக்கிறார். அப்புறம், யாரோடாவது பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகுங்கள். இது மத்தேயு 5:24. பணத்தைவிட இது எனக்குக் கஷ்டம்.

எங்கே கொடுப்பது? பாட்டிலில் சேர்ந்ததை மாதக் கடைசியில் மூன்றாகப் பிரிப்போம். பாதி எங்கள் சபைக்கு, கவரில். கால் பங்கு மிஷனரி ஊழியத்துக்கு. மீதி ஊரில் முகம் தெரிந்தவர்களுக்கு. சபையோ ஊழியமோ, வரவுசெலவைச் சொல்கிற இடத்தில் கொடுங்கள். கணக்குக் கேட்பது விசுவாசக் குறைவு என்று சிலர் சொல்வார்கள். பவுல் தர்மப்பணத்தைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஒருவனும் குற்றம் சொல்லாதபடிக்குச் சபைகள் தெரிந்துகொண்ட ஆட்களைக் கூட அனுப்பினார், 2 கொரிந்தியர் 8இல் விவரமாக இருக்கிறது. இரண்டு காசு போட்ட ஏழை விதவையைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறோம். அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைப் பற்றி எச்சரிக்கிறார் ஆண்டவர். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

முகம் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பதுதான் இருப்பதிலேயே கவனமாகச் செய்ய வேண்டியது. வயல்காரரான போவாஸ், கதிர் பொறுக்க வந்த ஏழை விதவை ரூத்துக்கு வாற்கோதுமையை மூட்டையாகக் கட்டி முதலிலேயே கொடுத்துவிடவில்லை. அவள் பொறுக்குகிற பாதையில் வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்தவிடுங்கள், அதட்டாதிருங்கள் என்று வேலைக்காரரிடம் சொன்னார். அவள் உழைத்துச் சேர்த்ததாகவே வீட்டுக்குக் கொண்டுபோனாள். எங்கள் தெருவில் கணவனை இழந்த ஒரு பெண் இருக்கிறாள். கையில் பணம் கொடுத்தால் வாங்க மாட்டாள். அதனால் ஹெம்மிங்கும் ஹூக் வைக்கிற வேலையும் அவளுக்கு அனுப்புகிறேன், மற்ற இடத்தில் கொடுப்பதைவிட உருப்படிக்குக் கொஞ்சம் கூட்டி. கூட்டிய காசு பாட்டிலிலிருந்து போகிறது. அவளுக்கு அது தெரியாது, தெரியவும் வேண்டாம். அவள் ஹூக் வைத்தால் மூன்று வருஷத்துக்குப் பிடுங்கி வராது, அவ்வளவு நேர்த்தி.

தங்கை மகளுக்கு இந்தச் சனிக்கிழமை முடியாதாம், ஒன்றாம் தேதிதான் சம்பளம் வருமாம். அதற்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது. வீட்டில் காலியான காப்பித்தூள் பாட்டில் ஒன்று கிடக்கிறது என்றாள். வாசனை போகக் கழுவி, வெயிலில் காயவைக்கச் சொல்லியிருக்கிறேன்.