ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு: பல்கலைக்கழகத்தில் கோப்பு நகர என்ன செய்ய வேண்டும்

சென்னையின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வாளர்) ஆகவோ திட்ட உதவியாளராகவோ சேர்பவர்கள், வேலை முழுக்க ஆய்வகத்தில்தான் என்று எண்ணி வருகிறார்கள். சேர்ந்த சில வாரங்களிலேயே அலுவலகக் கட்டடத்துக்கு நடை தொடங்கிவிடுகிறது. அமிலம் வாங்கவும், கருவி வாங்கவும், பயணப்படி பெறவும், மாத உதவித்தொகை வரவும் கோப்பு வேண்டும். அது எப்படி நகர்கிறது என்று யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. தெரிந்துகொண்டால் ஆய்வுக்கு மாதக்கணக்கில் நேரம் மிஞ்சும்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். கோப்பு ஒரு மேசையில் தங்கிவிட்டால், அங்கே இருப்பவர் வேண்டுமென்றே வைத்திருக்கிறார் என்று பொருளல்ல. கையெழுத்துப் போடுகிறவர், இரண்டு மூன்று ஆண்டு கழித்துத் தணிக்கையாளர் கேட்கும்போது பதில் சொல்ல வேண்டியவர். அவருக்கு எழும் கேள்விக்கு அந்தக் கோப்பிலேயே விடை இல்லையென்றால் ஒதுக்கி வைப்பார், அல்லது ‘விவரம் தேவை’ என்று எழுதித் திருப்பி அனுப்புவார். ஆகவே கேள்வி வருமுன் விடையைத் தாளில் வைப்பதுதான் உங்கள் வேலை.

சேரும் நாளில்

பணியேற்பு அறிக்கையில் தேதியோடு முற்பகலா பிற்பகலா என்றும் எழுதுங்கள். உதவித்தொகை அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கிடப்படும். மத்திய அரசின் அறிவியல் துறைத் திட்டங்களில் 1.1.2023 முதல் ஜேஆர்எஃப் தொகை மாதம் 37,000 ரூபாய், எஸ்ஆர்எஃப் எனும் முதுநிலை ஆய்வாளருக்கு 42,000 ரூபாய். வீட்டு வாடகைப் படி தனி. வாடகைப் படிக்கான மத்திய அரசின் பட்டியலில் சென்னை ‘எக்ஸ்’ வகை நகரம் என்பதால் உயர்ந்த விகிதம் பொருந்தும். பல்கலைக்கழக விடுதியில் தங்கினால் அந்தப் படி கிடையாது. வெளியில் தங்குகிறவர்கள் விடுதியில் இல்லை என்ற சான்றைச் சேர்ந்த வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள். பிறகு கொடுத்தால் நிலுவைத் தொகைக்கென்று தனிக் கோப்பு போட வேண்டிவரும்.

நியமன ஆணை பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் இருக்கும். முடியும் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே நீட்டிப்புக் கடிதத்தை எழுதித் திட்ட முதன்மை ஆய்வாளரிடம் (திட்டத்தை நடத்தும் பேராசிரியர்) வையுங்கள். ஆணை இல்லாத நாட்களுக்குப் பணம் வழங்க நிதிப் பிரிவுக்கு வழியில்லை. வருகைச் சான்றும் அப்படித்தான்: மாதக் கடைசிவரை காத்திருக்காமல், உங்கள் நிதிப் பிரிவு உதவித்தொகைப் பட்டியலை மூடும் தேதியைக் கேட்டு அதற்கு முன் அனுப்புங்கள்.

கோப்பு போகும் வழி

துறை அலுவலகம், துறைத்தலைவர், தபால் பிரிவு, பிரிவு உதவியாளர், கண்காணிப்பாளர், உதவிப் பதிவாளர், நிதி அலுவலர், பதிவாளர், தொகை பெரிதானால் துணைவேந்தர். பெயர்கள் ஒவ்வோரிடத்திலும் சற்று மாறும், ஏணி ஒன்றுதான். சென்னையில் இன்னொரு சிக்கல் தூரம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தலைமை அலுவலகம் சேப்பாக்கத்தில் இருக்கிறது. துறைகள் கிண்டியிலும் தரமணியிலும்கூட உள்ளன. அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்ஐடி வளாகம் குரோம்பேட்டையில், பதிவாளர் அலுவலகம் கிண்டியில். ஒரு தாள் குறைந்ததால் திரும்பி வரும் கோப்பு, ஊரையே இரண்டு முறை கடக்க வேண்டும். மின் கோப்பு முறை வந்த பிரிவுகளில் பயணம் மிச்சம், ஆனால் கேள்விகள் அதே கேள்விகள்தான்.

கடிதத்தை வழக்கமான வடிவில் எழுதுங்கள்: அனுப்புநர், பெறுநர், ‘உரிய வழியாக’, பொருள், பார்வை. ‘பார்வை’யில் திட்ட ஒப்பளிப்பு ஆணையின் (திட்டத்துக்கு நிதி வழங்கிய ஆணை) எண்ணும் தேதியும், இதற்கு முந்தைய கடிதத்தின் ந.க.எண்ணும் (அலுவலகம் இடும் கோப்பு எண்) இருக்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் உதவியாளர் பழைய கோப்பைத் தேட வேண்டும். தேடும்வரை உங்கள் கடிதம் அடியில் கிடக்கும். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை மட்டும் வையுங்கள். கருவி வாங்க அனுமதியும் கருத்தரங்குப் பயணத்துக்கு அனுமதியும் ஒரே தாளில் கேட்டால், அது இரண்டு பிரிவுகளுக்குச் சொந்தமாகி எந்தப் பிரிவிலும் முடியாது.

கோப்புக்கு இரண்டு பாகம் உண்டு. வந்த கடிதங்கள் இருப்பது நடப்புக் கோப்பு, அலுவலர்கள் எழுதி ஒப்புதல் பெறுவது குறிப்புக் கோப்பு. நீங்கள் கொடுக்கும் இணைப்புகளுக்குப் பக்க எண் போட்டு, கடிதத்தில் அந்தப் பக்க எண்ணைக் குறிப்பிடுங்கள். குறிப்பு எழுதுகிற உதவியாளரின் வேலை பாதியாகக் குறையும்.

ஒரு கருவி வாங்குவது

உதாரணத்துக்கு, 3 லட்சம் ரூபாய் விலையில் ஒரு யுவி-விசிபிள் நிறமாலைமானி (ஒரு மாதிரி எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் கருவி) என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் ஒப்பளிப்பு ஆணையை எடுத்துச் செலவுத் தலைப்பைப் பாருங்கள். கருவி, நுகர்பொருள், பயணம், சில்லறைச் செலவு, ஆள்பலம் எனத் தலைப்புகள் தனித்தனி. நுகர்பொருள் தலைப்பில் பணம் மீதி இருந்தாலும் அதைக் கொண்டு கருவி வாங்க முடியாது. நிதி தரும் அமைப்பின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். வரியையும் இப்போதே கணக்கில் சேருங்கள். பொது நிதியில் இயங்கும் ஆய்வு நிறுவனங்களுக்கு இருந்த 5 சதவீதச் சலுகை ஜிஎஸ்டி 18.7.2022 அன்று நீக்கப்பட்டது. 18 சதவீதம் போட்டால் 3 லட்சம் 3,54,000 ஆகிறது. திட்ட வரைவு எழுதியபோது வரியை விட்டுவிட்டவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

அடுத்தது விவரக்குறிப்பு. ஒரு கம்பெனியின் கையேட்டிலிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள். மற்ற கம்பெனிகள் தகுதிபெறாமல் போக, தணிக்கையில் அது ஆட்சேபணையாக நிற்கும். உங்கள் ஆய்வுக்கு என்ன வேண்டுமோ அதை எழுதுங்கள்: அலைநீள வரம்பு 190 முதல் 1100 நானோமீட்டர், இரட்டைக் கற்றை, மாதிரியை ஊற்றும் குவார்ட்ஸ் குவெட் எத்தனை, மென்பொருளும் கணினியும் விலைக்குள் அடக்கமா, டியூட்டீரியம் விளக்கு உத்தரவாதத்தில் வருமா, நிறுவுதலும் பயிற்சியும் யார் செலவு. விளக்கு போன்ற தேயும் பாகங்களைப் பல கம்பெனிகள் உத்தரவாதத்திலிருந்து விலக்கிவிடுகின்றன. கேட்காமல் விட்டால் பிறகு நுகர்பொருள் தலைப்பிலிருந்து செலவாகும்.

எந்த விதி பொருந்தும் என்பது பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. மத்திய அரசின் பணம் என்றால் பொது நிதி விதிகள் 2017; பொதுவாக, அரசு மின்-சந்தையான ‘ஜெம்’ தளத்தில் அந்தப் பொருள் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லையென்றால் அதற்கான அறிக்கையைத் தளத்திலிருந்தே எடுத்து இணைக்க வேண்டும். மாநில நிதி என்றால் ஒப்பந்தப்புள்ளிகள் குறித்த தமிழ்நாட்டின் 1998-ஆம் ஆண்டு வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் 2000-ஆம் ஆண்டு விதிகளும். எவ்வளவு வரை நேரடியாக வாங்கலாம், எதற்கு மேல் டெண்டர் என்ற வரம்புகள் அவ்வப்போது மாறுகின்றன. முன்பு இருந்தவர் விட்டுப்போன கோப்பைப் பார்த்து வரம்பை எடுக்காதீர்கள். கொள்முதல் பிரிவில் இன்றைய சுற்றறிக்கையின் நகலை வாங்கிக் கோப்பில் சேருங்கள். வரம்புக்குள் அடங்குவதற்காக ஒரே பொருளை இரண்டு பில்லாகப் பிரித்து வாங்குவது வெளிப்படையான விதிமீறல். எந்தத் தணிக்கையும் அதைத் தவறவிடாது.

கம்பெனிகளிடம் விலைப்புள்ளி (கொட்டேஷன்) கேட்கும்போது செல்லுபடிக் காலம் 90 நாள் என்று வற்புறுத்துங்கள். 30 நாள் விலைப்புள்ளியோடு போகும் கோப்பு, ஒப்புதல் பெற்றுத் திரும்பும்போது விலை காலாவதியாகியிருக்கும், மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு விலைப்புள்ளியிலும் ஜிஎஸ்டி எண், தேதி, கையொப்பம் இருக்கிறதா பாருங்கள். மூன்று விலைப்புள்ளிகளும் ஒரே எழுத்துருவில், ஒரே பிழையோடு, ஒரே வட்டாரத்து முகவரியிலிருந்து வந்தால் யாரும் நம்ப மாட்டார்கள். ஒப்பீட்டுப் பட்டியலில் வரி, போக்குவரத்து, நிறுவுதல் எல்லாம் சேர்த்த இறுதி விலையை வைத்து ஒப்பிடுங்கள். ஒரே ஒரு கம்பெனிதான் தயாரிக்கிறது என்றால் அதற்கான சான்றிதழும், வேறு எதுவும் ஏன் பொருந்தாது என்று அறிவியல் காரணம் சொல்லும் அரைப்பக்கமும் தேவை. ‘தரமானது’ என்பது காரணமாகாது.

கருவி வந்திறங்கும்போது டெலிவரி சலானில் ‘பெட்டி பிரித்துப் பார்க்கப்படவில்லை’ என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உத்தரவாதம் நிறுவிய தேதியிலிருந்து தொடங்கும் என்பது கொள்முதல் ஆணையிலேயே இருக்க வேண்டும். வந்த பெட்டி மின்வசதி இல்லாமல் மூன்று மாதம் கிடந்தால், இந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாற்றும். முழுத் தொகையும் நிறுவிய பின் என்றும் ஆணையில் எழுதுங்கள். முன்பணம் கேட்பார்கள். தனி ஒப்புதல் இல்லாமல் சரி என்று வாய்வார்த்தையாகக்கூடச் சொல்லாதீர்கள்.

பில்

வந்த பொருளை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, பக்க எண்ணை பில்லின் பின்புறம் எழுதி, நல்ல நிலையில் பெறப்பட்டது என்ற சான்றோடு முதன்மை ஆய்வாளரின் கையெழுத்து வாங்கினால்தான் நிதிப் பிரிவு தொடும். நுகர்பொருளுக்குத் தனிப் பதிவேடு, நிலையான பொருளுக்குத் தனிப் பதிவேடு. மாற்றி ஏற்றினால் திருத்துவது கடினம். பில்லில் உள்ள பெயர், முகவரி, தொகை, மாடல் எண் எல்லாம் கொள்முதல் ஆணையோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கம்பெனி ‘அதைவிட நல்ல மாடல், அதே விலை’ என்று வேறொன்றை அனுப்பினால், திருத்திய ஆணை இல்லாமல் ஏற்காதீர்கள். 2.5 லட்சத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் விற்பனையாளருக்குத் தரும் பணத்திலிருந்து ஜிஎஸ்டி பிடித்தம் 2 சதவீதம் உண்டு. தொகை குறைகிறது என்று விற்பனையாளர் சண்டைக்கு வருமுன் இதைச் சொல்லிவிடுங்கள்.

மார்ச் மாதம்

நிதியாண்டு மார்ச் 31-இல் முடிந்தாலும் நிதிப் பிரிவு பில்லைப் பெற்றுக்கொள்ளும் கடைசித் தேதி அதற்கு முன்பே வந்துவிடும். அந்தச் சுற்றறிக்கை பிப்ரவரியிலேயே வந்ததா என்று கேட்டுக்கொண்டிருங்கள். பெரிய கொள்முதலை ஜூன், ஜூலையில் தொடங்குகிறவர்களுக்கு மார்ச்சில் பதற்றமில்லை.

ஆண்டு முடிந்ததும் செலவு அறிக்கையும், பொது நிதி விதிகளின் ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றும் போக வேண்டும். இதை ‘கணக்கு வேலை’ என்று தள்ளிப்போடாதீர்கள். சான்று போகாவிட்டால் அடுத்த தவணை வராது; தவணை வராவிட்டால் முதலில் நிற்பது உங்கள் உதவித்தொகைதான். மானியத்துக்கு வங்கியில் சேர்ந்த வட்டியையும் அரசுக்குத் திருப்பிச் செலுத்தியிருக்க வேண்டும். நீங்களே ஒரு நோட்டில், அல்லது எக்செல்லில், தலைப்புவாரியாக ஒவ்வொரு பில்லையும் தேதியோடு எழுதிவந்தால், நிதிப் பிரிவின் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது ஒரு பகல் வேலை. எழுதாதவர்களுக்கு அது ஒரு மாதம்.

மேசைக்குப் பின்னால் இருப்பவர்கள்

தபால் பிரிவில் கொடுத்த அன்றே எண் வாங்குங்கள். ஒரு வாரம் கழித்து அந்த எண்ணோடு போங்கள். பதினொரு மணி முதல் ஒரு மணிவரை நல்ல நேரம். பட்டமளிப்பு விழா, சிண்டிகேட் (பல்கலைக்கழக ஆட்சிக்குழு) கூட்டம், தேர்வு முடிவு வெளியாகும் நாட்கள் ஆகாத நேரம். பிரிவில் ‘சார்’, ‘மேடம்’ போதும். கோப்பைச் சுமந்து மாடி ஏறி இறங்கும் அலுவலக உதவியாளர் அண்ணனிடமும் அக்காவிடமும் அதே மரியாதையோடு பேசுங்கள். எந்தக் கோப்பு எந்த அறையில் இருக்கிறது என்று முழுதாய்த் தெரிந்தவர்கள் அவர்கள்தான்.

‘ஏன் இன்னும் வரவில்லை’ என்று கேட்காதீர்கள். ‘இதில் ஏதாவது குறைகிறதா மேடம், கொண்டுவந்து தருகிறேன்’ என்று கேளுங்கள். விடை கிடைத்ததும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த கோப்பில் அந்தத் தாள் முதலிலேயே இருக்கட்டும்.

மழைக்காலத்துக்கு முன்

அக்டோபர் பிறக்குமுன் தரைத்தளத்து ஆய்வகங்களில் யுபிஎஸ் பேட்டரியையும் கணினியையும் தரையிலிருந்து மேலே ஏற்றுங்கள். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் இந்த ஊரில் தண்ணீர் எங்கெல்லாம் நின்றது என்று பழையவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். மேடை, ரேக் வாங்கவும் கோப்பு வேண்டும் என்பதால் கடிதத்தை ஜூலையிலேயே போடுங்கள். கடற்கரையை ஒட்டிய கட்டடங்களில் உப்புக்காற்று மின்னிணைப்புகளை அரிக்கும். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் முடியும் தேதியைக் கருவி மேலேயே ஒட்டிவையுங்கள்.

வேலையை விட்டுப் போகும்போது

நிலுவையின்மைச் சான்றுக்கு நூலகம், விடுதி, துறை இருப்புப் பதிவேடு மூன்றிலும் கையெழுத்து வேண்டும். உங்கள் பொறுப்பில் இருந்த பொருட்களைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொன்றாக அடுத்தவரிடம் ஒப்படைத்து, இருவரும் கையெழுத்திட்ட பட்டியலின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பணி அனுபவச் சான்றைத் திட்டக் கணக்கு மூடுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். அதில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, திட்டத்தின் பெயர், ஒப்பளிப்பு எண் ஐந்தும் இருக்கின்றனவா என்று அந்த மேசையிலேயே நின்று சரிபாருங்கள்.