கழுவிப் போடும் ஆயில் ஃபில்டர்: காசும் போகும், வேலையும் கூடும்

போன வருஷம் மச்சான் துபாயிலிருந்து வந்தபோது ஸ்டீல் வலை வைத்த ஆயில் ஃபில்டர் ஒன்று கொண்டுவந்தார். "ஆயுசுக்கும் இனி ஃபில்டர் வாங்காண்டாம் மாப்ள" என்றார். ஓசியில் வந்ததால் மாட்டினேன். காசு கொடுத்து வாங்க நினைப்பவர்கள் முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என்று ஓடுகிற வீட்டுக் கார் வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் தாண்டினாலே பெரிசு. ஆக, வருஷத்துக்கு ஒரு ஃபில்டர். சின்ன பெட்ரோல் காருக்குப் பேப்பர் ஃபில்டர் 250 ரூபாய், ஸ்டீல் ஃபில்டர் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், போட்ட காசை எடுக்க 32 வருஷம் ஆகும். அதுவரை அந்தக் கார் இருக்குமா? கடல்காற்றில் அதன் அடிப்பாகமே இருக்காது.

வலை ஓட்டை எத்தனை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்பதை மட்டும் பார்த்து மயங்குவதும் தவறு. வலை ஒற்றை அடுக்கு. ஓட்டையைவிடச் சின்ன துகள் நேரே எஞ்சினுக்குள் போய்விடும். காகிதத்தில் நார் நாராகப் பின்னிக் கிடப்பதால் உள் ஆழத்திலும் அழுக்கு சிக்கும். 'எத்தனை மைக்ரான்' என்பதோடு, 'அந்த அளவில் நூற்றுக்கு எத்தனை பிடிக்கும்' என்றும் கேட்க வேண்டும். ஆயில் ஃபில்டருக்கான சர்வதேசத் தரச் சோதனையான ஐ.எஸ்.ஓ. 4548-12 அளப்பது இதைத்தான். பெட்டியில் அந்த விவரமே இல்லையென்றால் வைத்துவிட்டு வந்துவிடலாம்.

பெரிய தொல்லை கழுவுவதில்தான். திண்ணையில் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் முக்கி, பல் துலக்கும் பழைய பிரஷால் மெதுவாகத் தேய்த்தேன். வெளியே பளபளவென்று வந்துவிட்டது. வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால் மடிப்புகளின் அடியில் கறுப்புக் கோடு அப்படியே இருந்தது. கம்பி பிரஷ் போட்டால் வலை விரியும். காற்று அடிப்பதானால் உள்ளிருந்து வெளியே அடிக்க வேண்டும். பலர் வெளியிலிருந்து அடித்து அழுக்கைச் சுத்தமான பக்கத்துக்கே தள்ளிவிடுகிறார்கள். மழைக்காலத்தில் எளிதில் காயவும் செய்யாது. ஈரத்தோடு மாட்டினால் மண்ணெண்ணெய் புது ஆயிலில் கலந்துவிடும்.

சரி, கொஞ்சம் அழுக்கு இருந்தால் என்ன? வலை அடைத்துக்கொண்டால் பைபாஸ் வால்வு திறந்து, ஆயில் வடிகட்டாமலே ஓடும். ஆயில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது என்பதால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கும் எரியாது. தேய்மானம் சத்தமில்லாமல் நடக்கும்.

எந்த ஃபில்டரானாலும் பழைய ரப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் மாட்டக்கூடாது. இரண்டு வளையம் சேர்ந்தால் ஆயில் பீய்ச்சி அடிக்கும்.

பந்தயக் கார்க்காரர்களுக்கு இது உண்மையிலேயே உதவும். ஓட்டம் முடிந்ததும் கழற்றி, வலையில் உலோகத் தூள் இருக்கிறதா என்று பார்த்து எஞ்சின் நிலையை எடைபோடுவார்கள். பால் வாங்கவும் பிள்ளையைப் பள்ளியில் விடவும் போகிற காருக்கு அது எதற்கு?

கழுவின மண்ணெண்ணெயைத் தென்னை மூட்டிலோ குளத்து ஓடையிலோ கொட்ட மனம் வரவில்லை. பழைய ஆயில் எடுக்க வந்தவர் ஆயிலை மட்டும் ஊற்றிக்கொண்டு, "மண்ணெண்ணெய் கலந்தது வேண்டாம் அண்ணே" என்று போய்விட்டார். அந்த கேன் இன்னும் கார் ஷெட்டில்தான் இருக்கிறது.