'பிக் அப்' என்றால் எடுப்பது மட்டும்தானா? பக்கத்துச் சொல்லை வைத்துப் பொருள் கண்டுபிடிக்கும் வழி

சுவாமிமலையில் ஓர் ஐம்பொன் சிலைப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் மெயில்களுக்குப் பதில் போடுவதும் நான்தான். போன வருஷம் ஒரு வியாழக்கிழமை, நர்த்தன கிருஷ்ணர் சிலைக்குத் திருவாசி (சிலையைச் சுற்றி நிற்கும் வளைவு) வேண்டுமா வேண்டாமா என்று ஒருவருடன் மெயிலில் பேசிக்கொண்டிருந்தோம். கடைசியாக அவர் எழுதியது: 'லெட்ஸ் பிக் திஸ் அப் வித் யுவர் ஸ்தபதி ஆன் மண்டே.'

திங்கட்கிழமை சிலையை எடுத்துப் போக ஆள் வருகிறது என்று ஸ்தபதியிடம் சொன்னேன். இரண்டு பேர் ஞாயிறு ராத்திரி வரை உட்கார்ந்து மெருகு போட்டு, வைக்கோல் சுற்றி, மரப்பெட்டியில் ஆணி அடித்து முடித்தார்கள். திங்கட்கிழமை ஆள் வரவில்லை, போன்தான் வந்தது. திருவாசி வேண்டும், சிலையோடு பொருத்தி ஒரு போட்டோ அனுப்புங்கள் என்றார். பெட்டியை மறுபடி பிரித்தோம். ஆணி கழற்றும்போது அந்த இரண்டு பேரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

அதற்குப் பிறகு பழைய மெயில்களில் 'பிக் அப்' வந்த வரிகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். அதில் பிடிபட்ட வழி இது.

முதலில்: உங்களுக்குத் தெரிந்ததை நம்புங்கள்

'வியாபாரம் பிக்கப் ஆயிடுச்சு' என்கிறோம். 'நீடாமங்கலம் ஸ்டேஷன்ல இறங்கு, நான் வந்து பிக்கப் பண்ணிக்கிறேன்' என்கிறோம். இரண்டும் வேறு வேறு பொருள், ஆனால் யாரும் குழம்புவதில்லை. (பைக்கின் பிக்கப்பை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். ஆங்கிலத்தில் அதைப் பெரும்பாலும் ஆக்ஸிலரேஷன் என்பார்கள்.)

தமிழில் 'எடு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். தீபாவளிக்குக் கும்பகோணம் போய்த் துணி எடுக்கிறோம். பசி எடுக்கிறது. வாத்தியார் பாடம் எடுக்கிறார். திருவையாற்றில் பெண் எடுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் யாரும் பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யவில்லை. துணியா, பசியா, பாடமா, பெண்ணா என்று பக்கத்துச் சொல் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலத்திலும் அதே கண்ணால் பார்க்க வேண்டும்.

இரண்டாவது: செயப்படுபொருள் இருக்கிறதா?

'எதை', 'யாரை' என்று கேட்டால் பதிலாக வரும் சொல்தான் செயப்படுபொருள். அது இல்லையென்றால் வேலை பாதி முடிந்தது. ஏதோ ஒன்று தானாகக் கூடுகிறது அல்லது தேறுகிறது என்று பொருள். 'சேல்ஸ் ஆர் பிக்கிங் அப்' என்றால் விற்பனை சூடு பிடிக்கிறது. 'த விண்ட் பிக்ட் அப்' என்றால் காற்று வலுத்தது. 2018 நவம்பர் 15 ராத்திரி, கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைத் தொடுவதற்கு முன்னால், டெல்டாவில் இருந்தவர்களுக்கு இந்த 'பிக்ட் அப்' என்னவென்று விளக்கவே வேண்டாம்.

மூன்றாவது: இருந்தால், அது என்ன?

பார்சல் என்றால் வந்து எடுத்துப் போவது. ஆள் என்றால் வண்டியில் ஏற்றிக்கொள்வது. பால், காய்கறி என்றால் வரும் வழியில் வாங்கி வருவது. சளி, காய்ச்சல் என்றால் தொற்றிக்கொள்வது. மொழி என்றால் வகுப்புக்குப் போகாமல் காதால் கேட்டே கற்றுக்கொள்வது. 'ஐ வில் பிக் அப் த பில்' என்றால் பில்லை நான் கட்டுகிறேன்.

'த பேஸ் ஹேஸ் பிக்ட் அப் சம் ஸ்க்ராச்சஸ்' என்று ஒரு மெயில் இருந்தது. பீடம் எதையும் எடுக்கவில்லை, பீடத்தில் கீறல் விழுந்திருக்கிறது. வழியில் எங்கேயோ ஒட்டிக்கொண்டு வந்தது என்ற சாயல் அதில் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பொருள் பட்டறைக்குள்ளேயே கிடைத்தது. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருவம் செய்து, அதன் மேல் காவிரி வண்டல் மண்ணை முதல் பூச்சாக மெல்லப் பூசுவார்கள். கிருஷ்ணரின் கால் விரலில் நகத்துக்கு ஒரு கோடு உண்டு, தலைமுடி அளவுதான் இருக்கும். மண் நைசாக இருந்தால்தான் அந்தக் கோடு அச்சில் பதியும், பிறகு மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம் ஊற்றும்போது சிலையிலும் வரும். 'மண்ணு கோட்டை வாங்கிக்கிச்சா பாரு' என்பார் ஸ்தபதி. பட்டறையைப் பார்க்க வந்த ஒருவர் அதையே 'த க்ளே பிக்ஸ் அப் எவ்ரி லைன்' என்றார். அங்கே 'எடு' என்று போட்டால் பொருளே கெட்டுவிடும், 'வாங்கிக்கொள்' என்பதுதான் பொருந்தும்.

நான் தடுக்கிய இடம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பேச்சு, விவாதம், விஷயம் இவற்றோடு 'பிக் அப்' வந்தால், விட்ட இடத்திலிருந்து தொடர்வது என்று அர்த்தம். 'டிஸ்கஷன்' என்று அந்தச் சொல்லே வந்திருந்தால் நானும் தவறியிருக்க மாட்டேன். வந்தது 'திஸ்'. சிலையைப் பற்றித்தானே பேசுகிறோம், அதனால் 'திஸ்' சிலைதான் என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் அதற்கு முந்தைய மூன்று வரியும் திருவாசியைப் பற்றிய பேச்சு. 'திஸ்' அந்தப் பேச்சைக் குறித்தது.

ஆகவே 'இட்', 'திஸ்', 'தட்' வந்தால் மேலே போய் முந்தைய வரிகளைப் படியுங்கள். இன்னொரு தடயமும் உண்டு. பின்னால் 'வித்' வந்து அதையடுத்து ஓர் ஆள் இருந்தால் பெரும்பாலும் பேச்சு. 'ஃப்ரம்' வந்து அதையடுத்து ஓர் இடம் இருந்தால் பெரும்பாலும் சரக்கு. என் மெயிலில் 'வித் யுவர் ஸ்தபதி' என்றுதான் இருந்தது. 'ஃப்ரம் யுவர் ஒர்க்‌ஷாப்' என்று இருந்திருந்தால் பெட்டி போட்டது சரி.

நாம் எழுதும்போது

'பிக் அப் த பார்சல்', 'பிக் த பார்சல் அப்' இரண்டும் சரி. ஆனால் 'இட்' என்றால் நடுவில்தான் வரும்: 'பிக் இட் அப்'. 'பிக் அப் இட்' தவறு. அப்புறம், வினையாகச் சொல்லும்போது அழுத்தம் 'அப்' மேல் விழும். பெயர்ச்சொல்லாக, அதாவது பிக்கப் வேன், பிக்கப் டைம் என்றால், 'பிக்' மேல் விழும்.

எதில் பார்ப்பது?

மொழிபெயர்ப்பு ஆப்பில் 'பிக் அப்' என்று மட்டும் தட்டாதீர்கள். வரி இல்லாமல் கேட்டால் அதற்கும் பொருள் தெரிய வழியில்லை. ஆயிரம் ஃப்ரேசல் வெர்ப் ('பிக் அப்' போல இரண்டு சொல் சேர்ந்த வினை) என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்களும் வேண்டாம், உதாரணமே இல்லாத பட்டியல் மண்டையில் நிற்காது. ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மேன் இரண்டிலும் மாணவர்களுக்கான அகராதி இணையத்தில் இலவசமாக இருக்கிறது. எனக்கு லாங்மேன் பிடிக்கும், பொருளுக்குப் பொருள் உதாரண வாக்கியம் கொடுத்திருப்பார்கள். வினைக்கு நடுவில் இரு பக்கமும் அம்புக்குறி போட்டிருந்தால், செயப்படுபொருளை நடுவிலும் வைக்கலாம், கடைசியிலும் வைக்கலாம் என்று அர்த்தம்.

நோட்டு போடுவதென்றால் தலைப்பாக 'பிக் அப்' என்று எழுதி அடியில் பத்துப் பொருள் அடுக்காதீர்கள். சளி ஒரு பக்கம், பில் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் என்று பக்கத்துச் சொல்லைத் தலைப்பாக்குங்கள்.

பிறகு சேர்த்தது: மன்னார்குடியிலிருந்து ஒருவர் 'நோபடி பிக்ட் அப்' என்றால் யார் தேறவில்லை என்று கேட்டிருந்தார். போன் பேச்சு நடக்கும் இடத்தில் அது 'யாரும் போனை எடுக்கவில்லை'. செயப்படுபொருள் வெளியே தெரியாமல் மறைந்திருக்கிறது. இரண்டாவது படியில் இதைச் சொல்லாமல் விட்டது என் தவறு.

இன்னொன்று: 'பிக் அப் ஆன்' பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 'ஷி பிக்ட் அப் ஆன் த மிஸ்டேக்' என்றால் தவறைக் கவனித்துவிட்டாள். ஆனால் 'ஆன் மண்டே' என்பது வெறும் கிழமை. 'ஆன்' என்பதற்கு அடுத்து நாளோ தேதியோ வந்தால் அதை ஒதுக்கிவிட்டு மீதி வரியைப் படியுங்கள்.

இதையெல்லாம் பார்த்தும் சந்தேகம் தீராவிட்டால் ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்: 'டு யூ மீன் த ஸ்டேச்சு, ஆர் த டிஸ்கஷன்?' இப்போது நான் இதை வாரத்துக்கு ஒரு தடவையாவது அனுப்புகிறேன். பதில் வந்த பிறகுதான் மரப்பெட்டிக்குச் சொல்கிறேன்.