ஊரைப் பற்றி எழுதப் போகிறீர்களா? உளுந்தைப் பற்றிக் கேளுங்கள்

புலம்பெயர்ந்த வீட்டுப் பிள்ளைகள் ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதல் பத்தியிலேயே ஒரு பனைமரம் வந்து நின்றுவிடும். என் முதல் கட்டுரையிலும் நின்றது. 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது எனக்கு ஒரு வயது, ஆறு வயதில் கனடாவின் ஸ்காபரோவுக்கு வந்துவிட்டேன், ஆக அந்தப் பனை நான் பார்த்தது இல்லை, கலைவிழா மேடையில் அட்டையில் வெட்டி வைத்திருந்தது. அதை அழித்துவிட்டு, தெரிந்தவர்களிடம் கேட்பதில் இருந்து தொடங்குங்கள்.

கேட்பதிலும் நான் பிழைவிட்டேன். போனை மேசையில் வைத்து, பதிவைப் போட்டு, “அம்மா, இடப்பெயர்வு அண்டைக்கு என்ன நடந்தது?” என்றேன். “எல்லாருக்கும் நடந்ததுதான்” என்று எழும்பிப் போய்விட்டார். ஒரு மாதம் கழித்து இருவருமாக முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது, அன்று இரவு என்ன சமைத்தீர்கள் என்று சும்மா கேட்டேன். “சமைச்சது நினைவில்லை பிள்ளை. காலமைத் தோசைக்கு உளுந்து ஊறப்போட்டிருந்தன். சட்டியோடை வாசல்வரைக்கும் கொண்டுவந்திட்டு, திரும்பக் கொண்டுபோய் வைச்சிட்டு வந்தனான்.” நாவற்குழிப் பாலத்து நெரிசல், மழை, என்னை யார் தூக்கினார் என்பதெல்லாம் அந்தச் சட்டிக்குப் பிறகுதான் வந்தன.

எனவே கைக்கு வேலை இருக்கும் நேரம் பார்த்து, பொருளைக் கேளுங்கள். மின்சாரம் இல்லாமல், பற்றரிக்கும் தடை இருந்த 90களின் யாழ்ப்பாணம் என்றால் ஜாம் போத்தல் விளக்குக்குத் திரி எது, பாட்டுக் கேட்கச் சைக்கிள் டைனமோவைச் சுற்றியது யார், சவர்க்காரம் இல்லாதபோது உடுப்புத் தோய்த்தது எதால். அப்புறம் ஒரு தாளைக் கொடுத்து வளவை வரையச் சொல்லுங்கள். படலை, கிணறு, குசினி, ஒழுங்கை எந்தப் பக்கம் என்று வரையும்போது சண்டை வரும், வரட்டும்.

எங்கள் வீட்டில் உளுந்துக்கே வந்தது. “உளுந்துக்கு அந்த நேரம் எங்கை போறது? அது பயறு” என்றார் அப்பா. “நீங்கள் குசினிக்குள்ளை வந்தனீங்களோ?” என்றார் அம்மா. எது சரி என்று முடிவுகட்டப் பார்க்காதீர்கள், இரண்டையும் எழுதுங்கள். உங்கள் கட்டுரையில் வேறு எவராலும் எழுத முடியாத இடம் அதுதான்.

ஆனால் திகதி, ஊர், பாதை அப்படியில்லை, சரிபார்க்க வேண்டும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் பழைய பத்திரிகைகளும் பள்ளிக்கூட மலர்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. வீட்டு அலுமாரியில் தேடினால் செத்தவீட்டின் 31ஆம் நாள் அந்தியேட்டியில், இறந்தவர் நினைவாக அச்சடித்துக் கொடுத்த கல்வெட்டுப் புத்தகங்கள் இருக்கும். தேவாரத்தைத் தாண்டினால் வம்சாவளி, யார் யாரைக் கட்டினார், எந்த நாட்டுக்குப் போனார் என்று எல்லாம் அச்சில் இருக்கிறது. (வெளியே வைத்த பெயர்களும் உண்டு. ஏன் விட்டார்கள் என்று அத்தை ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள், இன்னொரு கட்டுரை கிடைக்கும்.)

சரி, நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுகிறவர் என்றால் படலையைப் படலையாகவே விடுங்கள். அடைப்புக்குறிக்குள் விளக்கம் போட்டால் அம்மா உங்கள் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி ஆகிவிடுவார். வாசிப்பவருக்கு இரண்டு பக்கத்தில் தானாகப் பிடிபடும். ஸ்காபரோ அடுக்குமாடியில் தமிழ் வகுப்புக்குப் போகாமல் ஒளிந்த மாடிப்படியையும் எழுதுங்கள், அதுவும் ஊர்தான், அதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை.

அனுப்புவதற்கு முன் முழுவதையும் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், தமிழில் சொல்லியாவது. நான் வாசித்தபோது அம்மா பக்கத்து வீட்டுக்காரரின் பெயரை மட்டும் எடுக்கச் சொன்னார், அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறாராம். எடுத்தேன். பயறு என்று அப்பா சொன்னதையும் எடுக்கச் சொன்னார். அதை எடுக்கவில்லை.